திங்கள், புதன், சனி

பால்கோவாவைப் பிடுங்கிக்கொண்டு கருவாட்டை விட்டுவிட்ட நாடு என்றுதான் ஜெர்மனி எனக்கு முதலில் அறிமுகமானது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் சுங்கத்துறை இளைஞர் ஒருவர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாக இரண்டு டப்பா பால்கோவா. இது எதில் செய்தது என்று கேட்டார். சுத்தமான பாலில் என்று பெருமையோடு சொன்னேன். அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. பாலில் செய்த எதையும் வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவரக் கூடாதாம். இரண்டு டப்பாவும் தொட்டிக்குள் போயின.

அடியில் செய்தித்தாளால் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்தவர் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். உள்ளே விரல் நீளத்துக்குக் காய்ந்த இறால். ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மீன் வகை என்றால் போகலாம் என்று கையைக் காட்டினார். அவசரமாகப் போனால் நல்லது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

இறாலைக் கொடுத்தனுப்பியது ராமேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. அத்தானுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. பிடித்து வந்ததில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் அவித்து, மொட்டை மாடியில் காய வைத்துக் கட்டிக் கொடுத்தாள். ஒரு வீட்டில் போய்த் தங்கப் போகிறாய், வெறுங்கையை வீசிக்கொண்டு போகாதே என்றாள்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். ஹாலே நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நாடு பெரிதாக வளர்ந்துகொண்டே போனால் சுற்றியிருக்கும் சின்ன நாடுகள் என்ன செய்யும் என்பது பொருள். இருபது வருடமாக நான் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு நடத்தும் பாடம் அது. வளர்கிற நாட்டோடு ஒட்டிக்கொள்ளலாம். மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நிற்கலாம். இரண்டு பக்கமும் சிரித்துப் பேசிக் காலம் தள்ளலாம். கண்ணில் படாமல் ஒதுங்கிக் கிடக்கலாம். வளர்கிற நாடு என்றால் என் பாடத்தில் சீனா. வியட்நாம் ஒரு கட்டத்தில், நேபாளம் ஒரு கட்டத்தில், இலங்கை ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தியாவும் ஒரு கட்டத்துக்குள் கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்கும்.

பேச்சோடு இன்னொரு வேலையும் இருந்தது. அந்தத் துறையில் முதுகலை படிக்கும் ஜெனிற்றா என்ற பெண் இதே பொருளில் ஆய்வேடு எழுதியிருந்தாள். இலங்கைத் தமிழ்ப் பெண், ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய ஆய்வேட்டில் நான்காவது அத்தியாயம் மட்டும் மீனவர்களைப் பற்றியது. நாடுகளைப் பற்றிய ஆய்வில் மீனவர்களுக்கு என்ன இடம் என்று அவளுடைய பேராசிரியருக்குச் சந்தேகம். மதுரையிலிருந்து வருபவர் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஜெனிற்றா ஒன்றரை வருடம் உழைத்த அத்தியாயம் என் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கைப்பையில் இரண்டு பக்கக் கருத்துரை தயாராக இருந்தது. நான்காவது அத்தியாயத்தை நீக்கிவிடலாம் என்று அதில் எழுதியிருந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அத்தியாயத்தில் நான் படித்தது முதல் மூன்று பக்கம்தான். வலை வகைகளும் மீன் பெயர்களுமாக வந்ததால் மூடி வைத்துவிட்டேன். முப்பது வருடம் மாணவர்களின் தாளைத் திருத்தியவர்களுக்கு வரும் நோய் இது. கொஞ்சம் பார்த்தாலே மிச்சமும் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம்.

சனிக்கிழமை காலை வுப்பர்டால் போய்ச் சேர்ந்தேன். ஜெனிற்றாவின் பெற்றோர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆய்வேட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தவள் மாணவியின் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கலாமா என்ற யோசனை எனக்கும் இருந்தது. தமிழ் ஆள் ஒருத்தி வந்து ஹோட்டலில் தங்கினால் தன் மானம் போய்விடும் என்று அவள் அம்மா றெஜினா அக்கா தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியவில்லை.

வுப்பர்டாலில் ரயில் தொங்குகிறது. தண்டவாளம் மேலே, பெட்டிகள் கீழே, அதற்கும் கீழே ஆறு. வளைவில் திரும்பும்போது மொத்த ரயிலும் கொடியில் காயும் சேலை மாதிரி ஒரு பக்கமாக ஆடியது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிரே ஒரு கிழவர் நாய்க்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாய்கூட ஆடவில்லை.

ஜெனிற்றாவின் அப்பா சந்தியோகு அண்ணன் நிலையத்தில் காத்திருந்தார். ஸ்பேனரும் சுத்தியலும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மன்னார் தீவில் பேசாலைக்காரர், கத்தோலிக்கர். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்தவர். எனக்கு ராமேஸ்வரத்தில் அக்கா இருக்கிறாள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"மண்டபம் காம்பில ரெண்டு வருசம் இருந்தனான் ரீச்சர். போய் இறங்கின அண்டைக்கு எங்களுக்குச் சோறு தந்தது உங்கட ஆக்கள்தான்."

என்னை ஹாலேக்கு அழைத்துப்போக ஜெனிற்றாவும் வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு பிட்டும் மீன் சொதியும். சொதியில் தேங்காய்ப் பாலை விட்டதோடு நிறுத்தாமல் எலுமிச்சம்பழமும் பிழிந்திருந்தார் றெஜினா அக்கா. நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு மீன் குழம்பின் காரத்தில் வளர்ந்த நாக்குக்கு இப்படி ஒரு சாதுவான குழம்பு இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில்தான் பொட்டலம் நினைவுக்கு வந்தது. கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

சந்தியோகு அண்ணன் ஒரு இறாலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நல்ல இறால், எங்கே பிடித்தது என்று கேட்டார்.

"அத்தான் படகுல வந்தது அண்ணே. நம்ம பக்கத்துல இப்ப ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் அந்தப் பக்கம் போனாத்தான் இந்தச் சைஸ் மடி வலையில ஏறும்" என்றேன்.

அக்கா வீட்டில் தினமும் காதில் விழும் பேச்சு அது. தெரு முனைக் கடையில் தக்காளி வாடியிருக்கிறது, அடுத்த தெருவில் நன்றாக இருக்கிறது என்பது போல அத்தான் சொல்வார். நானும் அப்படியே, சாமானின் தரத்தை எடுத்துச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். ஜெனிற்றா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். றெஜினா அக்கா கணவரைப் பார்த்தார். அவர் அந்த ஒரு இறாலையும் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்து, நூலைப் பழையபடி கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்தார். வடிவான இறால் என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு இவர்களுக்கு ஏதாவது நோன்போ என்றுதான் முதலில் என் புத்தி போயிற்று. கை கழுவும்போதுதான் உறைத்தது. அத்தான் 'அந்தப் பக்கம்' என்று சொல்லும் கடல் பேசாலைக்கு முன்னால் இருக்கும் கடல். முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால் அவர் தொலைபேசியில் இருந்தார். ஊரிலிருந்து தம்பி சவிரி கூப்பிட்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என் மன்னிப்பு ஆறிப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி கதவைச் சாத்திக்கொள்கிறது. கடைகள் இல்லை. வீட்டில் துளை போடும் இயந்திரம்கூட ஓட்டக் கூடாதாம். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்று பழகியவளுக்கு அந்தத் தெருவைப் பார்க்க ஊரடங்கு போலிருந்தது. ஜெனிற்றாவோடு மலைப்பக்கம் நடக்கப் போனேன். அவள் என்னிடம் நான்காவது அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் படும் பாடு தெரிந்தது. ஹாலேயில் பார்க்க வேண்டிய இடங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் என் அக்கா கூப்பிட்டாள். அத்தான் நேற்றுக் கடலுக்குப் போய்விட்டுக் காலையில் வந்தார், இப்போதுதான் தூங்கி எழுந்தார், மீன்பாடு பரவாயில்லை என்றாள். இறால் அவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்டாள். ரொம்பப் பிடித்தது என்று புளுகினேன். போனை வைத்ததும் றெஜினா அக்காவிடம், உங்கள் கொழுந்தனார் இன்றைக்குப் பேசவில்லையா என்று கேட்டேன். அவர் சனி, திங்கள், புதன்தான் கூப்பிடுவார் என்றார். ஏதோ தொலைபேசிக் கட்டணச் சலுகை நாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஜெனிற்றாவும் நானும் ஹாலேக்குக் கிளம்பினோம். ஜெர்மன் ரயில் கடிகாரம் மாதிரி ஓடும் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. சொன்னவர் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். பாதி வழியில் ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. இந்த ரயில் இன்றைக்கு இங்கேயே முடிகிறது, மன்னிக்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் என்ஜின் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்.

மேடையில் இருந்த ஒரே பெஞ்சில் ஒரு போலந்துக்காரப் பெண் இடம் கொடுத்தார். ஹாலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நான் கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல்லுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். அவர் ஜெர்மனில் பேச, ஜெனிற்றா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டறிந்ததும் அவர் சிரித்தார். ஜெர்மனி இப்போது படைக்கு ஆள் சேர்க்கிறது, டாங்கி வாங்குகிறது, அதைப் பார்த்து உங்கள் ஊரில் பயமா என்று கேட்டேன். அவருடைய அப்பாவாக இருந்தால் பயந்திருப்பார். இவருக்கோ ரஷ்யாவை நினைத்தால் வரும் பயத்தில் இதற்கு இடமில்லையாம்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். வருவதில் பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள். ஜெர்மனியில் விடுமுறை என்றால் அன்றைக்கு அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடைச் சுவரில் தொங்குவது ஜெர்மன் நாள்காட்டி. போலந்துக்கு எப்போது விடுமுறை என்று இங்கே இல்லத்தில் அவரோடு வேலை செய்யும் ஒருவருக்கும் தெரியாது என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சொன்னார்.

அப்போது ஜெனிற்றாவின் கைப்பேசி அடித்தது. காணொளியில் அவள் சித்தப்பா சவிரி. எனக்கு வணக்கம் சொன்னார். மாட்டேன் என்று நான் சொல்வதற்குள் ஜெனிற்றா கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டாள். அவர் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கைப்பேசியைச் சுற்றிக் காட்டினார். நல்ல வெயில். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. கரை முழுக்கப் படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை.

கடல் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, ஏன் யாருமே போகவில்லை என்று கேட்டேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"இண்டைக்குத் திங்கள் எல்லே ரீச்சர். உங்கட ஆக்கள் வாற நாள்."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே பொறுமையாக விளக்கினார். திங்கள், புதன், சனி ராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் வரும். அந்த நாளில் வலையைப் போட்டால் காலையில் கயிறுகூடக் கிடைக்காது. இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அந்த மூன்று நாளும் இவர்கள் கடலில் இறங்குவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. ஒரு வீட்டில் வலை போயிற்று, பிறகு இன்னொரு வீட்டில் போயிற்று, ஊர் தானாகவே வாரத்தை மாற்றிக்கொண்டது. கலியாணப் பேச்சு, அரசாங்கக் கச்சேரி அலுவல், அண்ணனோடு தொலைபேசி எல்லாம் இப்போது அந்த மூன்று நாளில்தான்.

திங்கள், புதன், சனி. எனக்கு அந்த மூன்று நாளும் மனப்பாடம். அக்கா கல்யாணமாகிப் போன நாள் முதல் தெரியும். விசைப்படகுக்கு அந்த மூன்று நாள், நாட்டுப் படகுக்கு மற்ற நாள் என்பது எங்கள் கரையில் உள்ள ஏற்பாடு. அத்தான் கடலுக்குப் போகும் நாளில் அக்காவுக்குத் தூக்கம் வராது என்பதால் நான் அன்றைக்குத்தான் அவளிடம் அதிகம் பேசுவேன். ஒரு முறை இலங்கைக் கடற்படை அத்தானைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. அக்கா அழுத அழுகை எனக்குத் தெரியும். மீனவர் பிரச்சினை என்று யாராவது சொன்னால் என் மனதில் வருவது அந்த அழுகைதான். அதே மூன்று நாளை வைத்து அக்கரையில் ஒரு ஊர் தன் வாழ்க்கையை மடித்து வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. இருபது வருடம் கட்டம் போட்டுப் பாடம் நடத்தியவளுக்குத் தெரியவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்காவது அத்தியாயத்தைக் கேட்டேன். ஜெனிற்றா பையிலிருந்து எடுத்துத் தந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் இதை வாசிக்கேல்லையோ ரீச்சர்?"

"மூணு பக்கம் படிச்சேம்மா. மிச்சத்தைப் படிக்காமலே எடுத்துடலாம்னு எழுதி வச்சிருக்கேன்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த மேடையில் எனக்கு அது வரவில்லை.

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் மேடையின் கடைசியில் நின்றுகொண்டாள். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலந்துப் பெண்ணுக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்தது. அவர் தன் சாக்லேட்டில் பாதியை உடைத்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குத் தரவில்லை.

வண்டி வரும்வரை படித்தேன். வண்டியிலும் படித்தேன். வலை வகைகளும் மீன் பெயர்களும் முடிந்த நான்காவது பக்கத்தில் சித்தப்பாவின் வாரம் தொடங்குகிறது. மூன்று கிராமங்களில் போய் உட்கார்ந்து, எந்தக் கிழமையில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவள் எழுதிவைத்திருந்தாள். கொழும்பு எப்போது சத்தம் போட்டது, எப்போது வாயை மூடிக்கொண்டது, டில்லியிடம் வேறு ஏதாவது கேட்கப் போகும்போது இந்தப் பேச்சை எப்படி மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளியது என்றெல்லாம் இருந்தது. என் நான்கு கட்டத்தில் எதிலும் அடங்காத ஒன்றை அவள் பிடித்திருந்தாள். ஒரு நாட்டின் அரசு முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கரையில் இருந்தவர்கள் பெரிய பக்கத்து வீட்டுக்காரனின் நாள்காட்டியைத் தங்கள் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

ஹாலேயில் இறங்கியதும் ஜெனிற்றா பேசத் தொடங்கிவிட்டாள். ஆனால் மரியாதையாக, அளந்து பேசினாள். பழைய அறக்கட்டளை ஒன்றின் காப்பகத்தில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன, தரங்கம்பாடியிலிருந்து பாதிரிமார் அனுப்பியவை என்று அழைத்துப்போனாள். டெர்மின் எடுக்கவில்லை என்றால் காட்ட மாட்டோம் என்று வாசலில் இருந்த அம்மாள் சொல்லிவிட்டார். என் மொழியைப் பார்க்க எனக்கே முன்பதிவு தேவை. வெள்ளையர் கை நீண்டுகொண்டே வந்ததைக் கரையில் இருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று அந்தக் கட்டுகளில் எங்காவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி வந்தோம்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். ஒரு சின்ன அறை, பன்னிரண்டு பேர், ஒரு தட்டு நிறைய உப்புப் போட்ட முறுக்கு. பார்க்க நம் முறுக்கு மாதிரி இருக்கிறதே என்று ஆசையாகக் கடித்தேன். உள்ளே மெத்தென்று பன். பேராசிரியர் சைக்கிள் தலைக்கவசத்தோடு வந்து, அதைக் கழற்றாமலே எனக்கு வணக்கம் சொன்னார். நல்ல மனிதர். நான் எழுதிக் கொண்டுபோன பேச்சைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, பலகையில் நான்கு கட்டத்தைப் போட்டேன். இந்தியாவை வழக்கமான கட்டத்திலிருந்து அழித்து, சீனா இருக்கும் நடு இடத்தில் எழுதினேன். என் நாட்டின் பெயரை அந்த இடத்தில் என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு இறால் பொட்டலத்தின் கதையைச் சொன்னேன். சுங்கத்துறை இளைஞரிலிருந்து ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். இவர்கள் மீனவர்கள், இது நாட்டின் நடத்தை ஆகுமா என்றார். இதற்கு நான் பதில் சொல்வதைவிட எழுதியவளே சொல்லட்டும் என்றேன். ஜெனிற்றா எழுந்தாள்.  அவள் ஜெர்மனில் சொன்னதைப் பக்கத்தில் இருந்த மாணவர் எனக்கு ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். தன் மக்களின் வாரத்தில் மூன்று நாள் போனதைத் தெரிந்துகொண்டே ஒரு அரசு சும்மா இருந்தால், அந்தச் சும்மா இருப்பதும் வெளியுறவுக் கொள்கைதான் என்றாளாம்.

பேராசிரியர் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். என் கருத்துரை என்ன என்று கேட்டார். கைப்பையிலிருந்த இரண்டு தாளையும் எடுத்து, அதில் எழுதியிருப்பதையும் அத்தியாயத்தைப் படிக்காமலே எழுதியதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். முப்பது வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு தலைக்குனிவு எனக்கு நேர்ந்ததில்லை. அத்தியாயம் இருக்க வேண்டும், நான்காவதாக இல்லை, முதலில் இருக்க வேண்டும் என்றேன்.  அவர் தானும் அந்த அத்தியாயத்தை அவசரமாகத்தான் படித்ததாக ஒத்துக்கொண்டார். இடத்தை மாற்றி, முன்னுரையைத் திருத்தி, வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னார். ஜெனிற்றா வெளியே வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டாள். ஓம் அப்பா, ஓம் அப்பா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் மட்டும் வுப்பர்டாலுக்குத் திரும்பினேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, எனக்குத்தான் நம்பிக்கை இல்லாமல் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். மாலைக்கு முன் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையிலிருந்து வந்த மணம் எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். குளிர்சாதனப் பெட்டியின் தலை காலியாக இருந்தது.

றெஜினா அக்கா இறாலைக் கத்தரிக்காயோடு பிரட்டல் வைத்திருந்தார். நல்ல சாமானை வீணாக்க ஏலாது என்றார். அன்றைக்கு ஆறிப்போன மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன். சந்தியோகு அண்ணன் எனக்குச் சோறு போட்டார். பிறகு தானும் ஒரு இறாலைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். நிதானமாக மென்றார்.

"ருசி மாறேல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைப்பேசி அடித்தது. சவிரி. புதன்கிழமை அல்லவா. அவர் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் என் கைப்பேசியும் அடித்தது. அக்கா. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். கீழே தொங்கு ரயில் ஒன்று ஆடிக்கொண்டு போனது.

அத்தான் கடலுக்குப் போயிருக்கிறார், தனியாக இருக்கிறேன், அதுதான் கூப்பிட்டேன் என்றாள் அக்கா. இறாலைச் சமைத்தார்களா, இன்னும் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்துவிடவா என்று கேட்டாள். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். எதிர்க்கரையில், பேசாலையில், எந்தெந்தக் கிழமையில் கடலுக்குப் போவார்கள் தெரியுமா?

"அது எனக்கெப்படிடி தெரியும்? அவங்க என்னிக்குப் போனா நமக்கென்ன?"

முப்பது வருடமாக அவள் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது அந்தக் கடலைத்தான். பின்னால் சாப்பாட்டு மேசையில் சவிரியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நாளை வியாழன், விடியற்காலையில் இறங்க வேண்டும், வலை எல்லாம் பொத்திவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தான் போகாத அன்னிக்குப் போறாங்கக்கா" என்றேன். வலை போன வீடுகளையும், கரையில் ஏறிக் கிடந்த படகுகளையும், இந்த வீட்டில் சனியும் திங்களும் புதனும் மட்டும் தொலைபேசி அடிப்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அக்கா மாடிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.  

"அத்தான் காலையில வந்துடுவாரு" என்றாள் கடைசியில். "நீயே அவர்ட்ட சொல்லு. நான் சொன்னா, அழுதுக்கிட்டேதான் சொல்வேன்."